குவெரி வேகம்தான், வரிகள் வந்து சேரத்தான் நேரமாகிறது

ஒரு குவெரியை (டேட்டாபேஸில் டேட்டா கேட்கும் கட்டளை) டேட்டாபேஸ் டூலில் ஓட்டினால் நொடியில் பதில் வருகிறது, அதே குவெரியை ஜாவா புரோகிராமில் வைத்து லட்சம் வரிகளைப் படித்தால் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றால், உடனே இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) போட ஓடாதீர்கள். பல டூல்கள் முதல் சில நூறு வரிகளைக் காட்டிவிட்டு நின்றுவிடும், அதனால் அந்த நேரத்தை வைத்து ஒப்பிடவே கூடாது.

முதலில் நேரம் எங்கே போகிறது என்று பிரித்துப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்ற கட்டளை குவெரியை முழுசாக ஓட்டும், ஆனால் வரிகளை உங்களுக்கு அனுப்பாது. அதில் 2 நொடி, புரோகிராமில் 60 நொடி என்றால் குவெரியில் கை வைத்துப் பயனில்லை. ஆரக்கிள் டேட்டாபேஸில் எஸ்கியூஎல் பிளஸ் டூலின் ஆட்டோட்ரேஸ் வசதி, சர்வருக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை ரவுண்ட் டிரிப் (ஒரு தடவை கேட்டு, பதில் வாங்கி வருவது) நடந்தது என்றே எண்ணிக் காட்டும்.

அந்த எண்ணிக்கைதான் முக்கியம். ஆரக்கிளின் ஜேடிபிசி டிரைவர் (ஜாவா புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் மென்பொருள்), நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு தடவைக்கு 10 வரிதான் எடுத்துவரும். 1,00,000 வரிக்கு 10,000 தடவை போய்வர வேண்டும், தடவைக்கு 5 மில்லிசெகண்ட் என்று வைத்தாலே 50 நொடி வெறும் காத்திருப்பு. ஜாவா ஸ்டேட்மென்ட்டில் ஃபெட்ச் சைஸை, அதாவது ஒரு தடவைக்கு எடுத்துவரும் வரிகளின் எண்ணிக்கையை, 500 ஆக்குங்கள், 200 தடவையில் முடிந்துவிடும், காத்திருப்பு 1 நொடி. அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் மெமரிதான் வீங்கும், மிச்சமாகும் நேரம் சொற்பம்.

போஸ்ட்கிரெஸில் நிலைமை நேர்மாறு. அதன் ஜேடிபிசி டிரைவர் மொத்த ரிசல்ட்டையும் மெமரிக்குள் இழுத்த பிறகுதான் முதல் வரியையே உங்கள் கையில் தரும். இங்கேயும் ஃபெட்ச் சைஸ் கொடுக்கலாம், ஆனால் ஆட்டோகமிட்டை (ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் தானாக கமிட் ஆவதை) அணைத்தால்தான் அது வேலை செய்யும். இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், டிரைவரும் எந்த எர்ரரும் தராமல் பழையபடியே மொத்தமாக இழுத்துக்கொண்டிருக்கும். மைஎஸ்கியூஎல் டிரைவருக்கும் அதே பழக்கம்தான், அங்கே கனெக்‌ஷன் யூஆர்எல்லில் யூஸ்கர்சர்ஃபெட்ச் என்பதை ட்ரூ ஆக்கிவிட்டு ஃபெட்ச் சைஸ் கொடுங்கள். பைத்தானில் சைக்கோபிஜி2 (போஸ்ட்கிரெஸுக்கான டிரைவர்) என்றால் கர்சருக்கு (ரிசல்ட் வரிகளை எடுத்துத்தரும் ஆப்ஜெக்ட்) ஒரு பெயர் வைத்துத் திறந்து லூப்பில் ஓட்டினால் போதும், 2000 வரிகளாக எடுத்துவரும்.

அப்புறம் செலக்ட் ஸ்டார், அதாவது எல்லா காலங்களையும் (column) கேட்பது. பார்க்கவே போகாத பெரிய டெக்ஸ்ட் காலமும் சேர்ந்து ஒவ்வொரு வரியோடும் நெட்வொர்க்கில் வரும், தேவையான காலங்களை மட்டும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வரிகளைக் கொண்டுவந்து கூட்டத்தான் போகிறீர்கள் என்றால் சம், குரூப் பை போட்டு அந்தக் கூட்டலை டேட்டாபேஸிலேயே முடித்துவிடுங்கள். சிஎஸ்வி ஃபைல் எடுப்பதுதான் வேலை என்றால் போஸ்ட்கிரெஸின் காபி கட்டளையே போதும், புரோகிராம் எழுதவே வேண்டாம்.