பொலிக்குதிரையை ஏற்க மறுக்கும் பெட்டை: கயிற்றைத் தேடும் முன் நாளைப் பாருங்கள்

பொலிக்குதிரை கிட்டே வந்ததும் பெட்டை காதைப் பின்னுக்கு மடக்குகிறது, வாலை இறுக்கிக்கொள்கிறது, கீச்சென்று கத்தி உதைக்கிறது. உடனே "முரண்டு பிடிக்கிறது" என்று கட்டிப்போடக் கயிறு தேடுவார்கள். பெரும்பாலும் அது முரண்டே இல்லை. பருவத்தில் இல்லாத பெட்டை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

படி 1: நாள் சரியா?

பெட்டையின் பருவச் சுழற்சி ஏறக்குறைய 21 நாள். அதில் 5 முதல் 7 நாள் மட்டுமே பொலியை ஏற்கும். மீதி இரண்டு வாரம் எவ்வளவு சாதுவான பெட்டையும் அண்டவிடாது. கருமுட்டை வெளிவருவது பருவம் முடிய ஒன்றிரண்டு நாள் இருக்கும்போதுதான். அதனால் முதல் நாளே அவசரப்பட வேண்டாம். பருவக்குறி தெரிந்த மூன்றாம் நாளிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்த்தால் போதும். நல்ல விந்து உள்ளே 2 நாள்வரை உயிரோடிருக்கும்.

குளிர்காலம் முடிந்து பகல் நீளத் தொடங்கும் வாரங்கள் ஏமாற்றும். அப்போது கருமுட்டை வெளிவராமலே பருவக்குறி நீண்டுகொண்டு போகும். இன்று ஏற்பது போல நின்ற பெட்டை நாளைக்கு உதைக்கும். அந்த நேரத்தில் காத்திருப்பதே சரி.

படி 2: பொலியைக் காட்டிப் பார்த்தல்

பெட்டைக்கும் பொலிக்கும் நடுவே இடைவெளி இல்லாத உறுதியான பலகைத் தடுப்பு வேண்டும். குதிரையின் மார்பளவு உயரம் இருக்கட்டும், மேல் விளிம்பில் மெத்தை கட்டுங்கள். கம்பி வேலியோ இடைவெளியுள்ள சட்டமோ கூடாது. முன்காலால் உதைக்கும்போது கால் சிக்கி முறியும்.

முதலில் மூக்கோடு மூக்கு, பிறகு கழுத்து, விலா, பின்பக்கம் என்று முகரவிடுங்கள். பலர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள், தவறு அங்கேதான். கூச்சமுள்ள பெட்டை முதலில் கத்தும், நான்கைந்து நிமிடம் போனபின் இளகும். வாலைத் தூக்கி ஒதுக்குவது, பின்கால்களை அகட்டிக் குந்துவது, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடுவது, யோனி இதழ்கள் திறந்து மூடுவது, தடுப்பில் சாய்வது ஆகியவை ஏற்கும் குறிகள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்துக் குறித்துவையுங்கள்.

படி 3: குறியே தெரியாவிட்டால்

மருத்துவரை அழைத்து ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் தெரிய வேண்டியது, ஏற்கெனவே சினையா என்பது. சினை இல்லை, கருப்பையில் தொற்றும் இல்லை, ஆனால் பழைய மஞ்சள் திரள் (கருமுட்டை வெளிவந்த இடத்தில் உருவாகி அடுத்த பருவத்தைத் தடுக்கும் திசு) கரையாமல் நிற்கிறது என்றால் புரோஸ்டாகிளாண்டின் ஊசி போடுவார்; பெரும்பாலும் 3 முதல் 5 நாளில் பருவம் திரும்பும். சினைக்குதிரைக்கு அதே ஊசி கருவைக் கலைத்துவிடும். தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும் என்பதால், கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைத் தொடவே கூடாது.

ஸ்கேனில் 35 மி.மீ.க்கு மேல் கருமுட்டைப் பை (சூல்பையில் முட்டை வளரும் நீர்க்குமிழி) தெரிந்தும் பெட்டை மறுக்கிறதா? அது வெளியே குறி காட்டாத மௌனப் பருவமாக இருக்கலாம். முதல்முறை சேரும் பெட்டைகளிடமும், குட்டி காலடியில் நிற்கும் தாய்களிடமும் இதை அதிகம் பார்க்கலாம். குட்டி போட்ட 7 முதல் 12 நாளுக்குள் வரும் பருவத்தில் தாயின் கவனமெல்லாம் குட்டிமேல்தான். குட்டியைத் தாயின் கண்ணில் படும்படி, உதைக்கு எட்டாத தூரத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். முதுகுவலி, பழைய யோனிக் காயம் உண்டா என்றும் பாருங்கள். வலியால் மறுக்கும் பெட்டையைக் கட்டிப்போட்டு அடக்குவது கொடுமை. பெட்டையே பொலிபோல மற்ற பெட்டைகள்மேல் ஏறினால் சூல்பையில் கட்டி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

படி 4: சேர்க்கும் நாள்

வழுக்காத தரை வேண்டும், பெட்டையின் பின்கால் லாடங்களைக் கழற்றிவிட வேண்டும். வாலைத் துணிப்பட்டையால் சுற்றி, யோனியைச் சுற்றி மென்மையான சோப்பால் கழுவி, சோப்பு மிச்சமில்லாமல் அலசித் துடையுங்கள். பிறப்புறுப்பு தைக்கப்பட்டிருந்தால் முன்பே மருத்துவர் பிரித்துவிட வேண்டும். உதைக்கும் என்று சந்தேகம் இருந்தால் பின்கால்களில் தடித்த கம்பளிக் காலணி மாட்டுங்கள். கழுத்தைக் கடிக்கும் பொலி என்றால் பெட்டைக்குத் தோல் கழுத்துறை.

பிடிப்பவர்கள் அனைவரும் தலைக்கவசத்தோடு, குதிரைகளின் இடப்பக்கம் நிற்க வேண்டும். நேர் முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கக் கூடாது. பொலியை நேர் பின்னால் கொண்டுவராமல், இடப்பக்கமாகச் சாய்வாக, பெட்டையின் கண்ணில் படும்படி நடத்தி வாருங்கள். ஓடிவந்து ஏறவிட்டால் அடுத்தமுறை பெட்டை இன்னும் பயப்படும்.

அப்போதும் அசைந்தால் மேல் உதட்டில் ட்விட்ச் சுருக்கு (உதட்டை இறுக்கிப் பிடித்துக் குதிரையை அசையாமல் நிறுத்தும் கயிற்று வளையம்) போடலாம், 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காதில் ஒருபோதும் போடாதீர்கள். ஒரு முன்காலைத் தூக்கிப் பிடிப்பதும் உண்டு. ஆனால் பொலி ஏறிய கணமே விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டை பாரம் தாங்காமல் விழும். பொலி பெரிதாகவும் பெட்டை சிறிதாகவும் இருந்தால், சுமார் 10 முதல் 15 செ.மீ. தடிமனுள்ள மெத்தை உருளையைப் பொலி ஏறும்போது இரண்டுக்கும் இடையில், வாலுக்குக் கீழே வையுங்கள். ஆழமாகப் பாய்ந்து யோனி கிழிவதை அது தடுக்கும்.

பொலியின் வால் மேலும் கீழும் அடித்தால் விந்து விழுந்துவிட்டது. இறங்கும்போது பெட்டையின் தலையைப் பிடிப்பவர் பக்கம் திருப்புங்கள், பின்பக்கம் மறுபுறம் விலகும். இந்த நேரத்தில்தான் அதிகம் பேர் உதைபடுகிறார்கள்.

படி 5: அப்படியும் மறுத்தால்

மருத்துவர் மயக்கமருந்து தரலாம். தூங்குவது போல் நிற்கும் குதிரையும் திடீரென உதைக்கும், காலணியைக் கழற்றாதீர்கள். கருமுட்டைப் பை தயாராக இருந்தால் எச்.சி.ஜி என்ற ஹார்மோன் ஊசி போட்டு, 36 முதல் 48 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரச் செய்யலாம். அப்போது ஒரே சேர்க்கை பெரும்பாலும் போதும். குதிரைப் பதிவு விதிகள் அனுமதித்தால் செயற்கைக் கருவூட்டல் செய்யலாம். மௌனப் பருவப் பெட்டைக்கு அதுவே எளிது, யாருக்கும் காயமில்லை. 14ஆம் நாள் ஸ்கேனில் கரு தெரிகிறதா என்றும், இரட்டைக் கருவா என்றும் பார்த்துவிடுங்கள்.