கற்பனை ஆப்பிரிக்க ஏர்லைனுக்கு விமானம் சேர்க்கும்போது சறுக்கும் இடங்கள்

சிமுலேட்டரில் பறப்பவர்களும் கதை எழுதுகிறவர்களும் சொந்தமாக ஓர் ஏர்லைன் உருவாக்கும்போது முதலில் யோசிப்பது, வாலில் என்ன வரைவது என்றுதான். ஆப்பிரிக்கா என்றால் சிங்கம், வரிக்குதிரை, மறையும் சூரியன். வரையட்டும், தப்பில்லை. அடுத்த நிமிடமே "நாலு 737, மூணு ஏ320, ரெண்டு ஏ220, கொஞ்சம் எம்ப்ரேயர்" என்று நாலு வகை விமானத்தைக் கலந்து பட்டியல் போடுகிறார்களே, அங்கேதான் சாயம் வெளுக்க ஆரம்பிக்கிறது.

737 ஓட்டும் பைலட் ஏ320இல் அப்படியே ஏறி உட்கார முடியாது. தனி டைப் ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி, வேண்டும். ஒரு விமானத்துக்கே சுமார் பத்து பைலட்டுகள் தேவைப்படும் தொழில் இது. பத்துப் பன்னிரண்டு விமானத்தை நாலு வகையாகப் பிரித்தால் பைலட், மெக்கானிக், ஸ்பேர் என்று எல்லாமே நாலாக உடையும். தென்னாப்பிரிக்காவின் ஃப்ளைசஃபேர் பல ஆண்டுகள் 737 குடும்பத்தை மட்டுமே வைத்து வளர்ந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் உங்கள் ஏர்லைன் அரசுக்குச் சொந்தம் என்றால் கலவைக்கு ஒரு சாக்கு கிடைக்கும். ஏர் தான்சானியாவிடம் டாஷ் 8, ஏ220, 737 மேக்ஸ், 787 என்று எல்லாமே உண்டு. அப்படிப்பட்ட ஏர்லைனைத்தான் படைக்கிறீர்கள் என்றால், அந்தச் செலவு கதையிலும் தெரிய வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, ஊரின் உயரத்தை மறப்பது. நைரோபி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜோஹன்னஸ்பர்க் 1,700 மீட்டரை ஒட்டி, எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா 2,300 மீட்டரையும் தாண்டி. அடிஸில் காற்றின் அடர்த்தி கடலோர ஊரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வெயில் ஏறினால் இன்னும் குறையும். இதில் இரண்டு பக்கமும் அடி. என்ஜினின் தள்ளுவிசை குறைகிறது, அதே நேரத்தில் எழும்புவதற்கு விமானம் தரையில் வழக்கத்தைவிட வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. சரி, ஓடுபாதைதான் நீளமாக இருக்கிறதே என்பார்கள். நைரோபியில் நாலு கிலோமீட்டருக்கு மேல் இருப்பது உண்மைதான். ஆனால் டயருக்கும் ஒரு வேக வரம்பு உண்டு. ஓடும்போது ஓர் என்ஜின் நின்றுவிட்டால், மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு எதிரே இருக்கும் மேட்டைத் தாண்ட முடியுமா என்ற கணக்கும் உண்டு. இந்தக் கணக்கு இடித்தால் எடையைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் வாஷிங்டன் விமானம் பல ஆண்டுகளாக அடிஸிலிருந்து போகும்போது மட்டும் நடுவில் ஓர் ஊரில் இறங்கி எரிபொருள் நிரப்பும். திரும்பும்போது நேராக வரும். அது பெரிய விமானம்தான், ஆனால் அதே கணக்கு உங்கள் 737ஐயும் விடாது. மதியம் ஒரு மணிக்கு டேங்க் முட்ட எரிபொருளும் 189 பயணிகளுமாக அடிஸிலிருந்து கிளம்புவதாக அட்டவணை போடாதீர்கள். 737 குடும்பத்தின் 737-800 வாங்கும்போது அதன் சிஎஃப்எம்56 என்ஜினில் 7பி24, 26, 27 என்று தள்ளுவிசைப்படி வகைகள் உண்டு. மேட்டு ஊர் ஏர்லைனுக்குத் தள்ளுவிசை குறைந்த 24ஐப் போட்டுவிட்டு லோகோவுக்கு மூன்று நாள் செலவழிப்பது வேடிக்கை.

அப்புறம் பெட்டி. ஆளுக்கு இரண்டு 23 கிலோ பெட்டி அனுமதிக்கும் வழித்தடத்தில், துணியும் உதிரிபாகமும் வாங்கி விற்கும் சிறு வியாபாரிகள் நிறையப் பேர் ஏறுவார்கள். ஒரு கிலோகூட மிச்சம் வைக்க மாட்டார்கள். 160 பேர் என்றால் பெட்டி மட்டுமே 7 டன்னைத் தாண்டும். கைப்பையோடு ஆளுக்கு 84 கிலோ என்று வைத்தால் இன்னொரு 13 டன். 737-800 சுமக்கக்கூடியதே ஏறக்குறைய அவ்வளவுதான். இதற்கு மேல் சரக்கு ஏற்றிச் சம்பாதிப்பதாக எழுதினால், விஷயம் தெரிந்தவர் சிரிப்பார்.

வரைபடமும் ஏமாற்றும். செனகலின் டாகர் முதல் நைரோபி வரை 6,000 கி.மீ.க்கு மேல், பயணிகளை நிரப்பிக்கொண்டு 737-800 அதை ஒரே மூச்சில் கடக்காது. நடுவில் இறங்கி ஆள் ஏற்றலாம், ஆனால் அதற்கு அந்த நாட்டின் அனுமதி வேண்டும். வானத்தைத் திறந்துவிடுவோம் என்று ஆப்பிரிக்க நாடுகள் 1999இல் ஐவரி கோஸ்டின் யமுசுக்ரோவில் முடிவெடுத்தன. 2018இல் அதற்கு ஒற்றைச் சந்தை என்று மறுபடி தொடக்கவிழா நடந்தது. ஊருக்கு ஊர் உரிமை கேட்டு நிற்பது இன்னும் முழுதாக ஒழியவில்லை. டோகோவின் லோமேயை மையமாக வைத்து ஆஸ்கை ஏர்லைன்ஸ் பல ஊர்களைக் கோத்துப் பறக்கும் விதத்தைப் பார்த்தால் வழித்தடம் போடும் கலை புரியும்.

ஓடுபாதை என்றும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்புவதும் தவறு. காங்கோவின் கோமாவில் 2002இல் எரிமலைக் குழம்பு ஓடுபாதையின் ஒரு பகுதியையே மூடிவிட்டது. பல ஆண்டுகள் மிச்ச நீளத்தில்தான் விமானங்கள் இறங்கின. இப்படிப்பட்ட இடங்களுக்கு ஏடிஆர் போன்ற சின்ன புரொப்பெல்லர் விமானத்தை அனுப்புங்கள், ஜெட் வேண்டாம்.

பண விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று: டிக்கெட்டை நைஜீரிய நைராவிலோ கென்ய ஷில்லிங்கிலோ விற்பீர்கள், விமானத்தின் லீஸ் வாடகை டாலரில் போகும். உள்ளூர் நாணயம் சரிந்தால், விமானம் நிறைந்து பறந்தாலும் கையில் எதுவும் நிற்காது. சம்பாதித்ததை டாலராக மாற்றி வெளியே எடுக்க முடியாமல் 2022இல் எமிரேட்ஸே நைஜீரியா சேவையை நிறுத்தியது.

விமானத்தின் உடலில் எழுதும், நாட்டைக் காட்டும் பதிவு எழுத்தைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும்: கென்யாவுக்கு 5ஒய், நைஜீரியாவுக்கு 5என், தென்னாப்பிரிக்காவுக்கு இசட்எஸ்.

கடைசியாக, எல்லா விமானமும் தினமும் பறக்கும் என்று அட்டவணை போடுவது. புது என்ஜின் என்றால் தொல்லையில்லை என்ற நினைப்பும் வேண்டாம். 2022இல் ஏர் தான்சானியாவின் ஏ220கள் சில என்ஜின் கோளாறால் தரையில் நின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் நவம்பர் முதல் மார்ச் வரை சஹாராவிலிருந்து ஹர்மட்டான் புழுதி வேறு வீசும். எட்டு விமானம் வைத்திருந்தால் ஒன்றை என்ஜினைக் கழற்றிய நிலையில் ஹேங்கரில் நிறுத்திவிட்டு, மீதி ஏழுக்கு மட்டும் அட்டவணை எழுதுங்கள்.