தாடை அறுவை சிகிச்சை: கம்பி போடும் முன்பே தொடங்கும் தவறுகள்

தாடை எலும்பை வெட்டி நகர்த்திப் பற்களைப் பொருத்தும் தாடைச் சீரமைப்பு அறுவைக்குத் தயாராகிறவர்கள் முதலில் கேட்பதெல்லாம் அந்த ஒரு நாளைப் பற்றித்தான். எத்தனை மணி நேரம் ஆகும், எவ்வளவு வலிக்கும், வீக்கம் எப்போது வடியும். நியாயமான கேள்விகள்தான். ஆனால் மயக்கம் கொடுத்துச் செய்யும் அந்தச் சில மணி நேரம், இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடுகிற ஒரு வேலையின் நடுப்பகுதி மட்டுமே. பத்து வருடம் கழித்தும் பற்கள் பொருந்தி நிற்குமா என்பதற்கான பதிலில் பெரும்பங்கு கத்தியை எடுப்பதற்கு முன்பும், தையல் ஆறிய பின்பும்தான் எழுதப்படுகிறது. தவறுகள் நடப்பதும் அங்கேதான்.

பல்லைப் பிடுங்கிவிட்டு யோசிப்பது

தாடை எலும்பில் குறை இருந்தால் பற்கள் சும்மா இருப்பதில்லை. கீழ்த்தாடை சிறுத்துப் பின்வாங்கியிருந்தால், கீழ் முன்பற்கள் வெளிப்புறமாகச் சாய்ந்து மேற்பற்களை எட்டப் பார்க்கும். கீழ்த்தாடை நீண்டு முன்னே வந்திருந்தால் அதே பற்கள் உள்நோக்கிச் சாயும்; மேல் முன்பற்கள் வெளியே தள்ளிக்கொள்ளும். எலும்பின் குறையை மறைக்கப் பற்கள் செய்துகொள்ளும் சமாளிப்பு இது.

இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, எலும்பைத் தொடாமல் அந்தச் சமாளிப்பை இன்னும் கூட்டி, கம்பியாலேயே பற்களைப் பொருத்திவிடுவது. குறை சிறியதென்றால் இதுவே போதும். தேவையில்லாமல் யாரும் தாடையை அறுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, சமாளிப்பை முழுக்கக் கலைத்து, ஒவ்வொரு வரிசைப் பல்லையும் அது நிற்கும் எலும்புக்கு ஏற்ப நிமிர்த்திவிட்டு, எலும்பையே நகர்த்துவது.

இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகிற வழிகள். கீழ்த்தாடை பின்வாங்கிய ஒருவருக்குக் கம்பியால் மட்டும் சரிசெய்வதென்றால், வழக்கமாக மேல்வரிசையில் இரண்டு முன்கடைவாய்ப் பற்களை (கோரைப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே இருப்பவை) எடுத்துவிட்டு முன்பற்களை உள்ளே இழுப்பார்கள். அதே ஆளுக்கு அறுவை என்று முடிவானால், பல் எடுக்கத் தேவைப்படும்போது அது பெரும்பாலும் கீழ்வரிசையில் இருக்கும்.

"முதலில் கம்பி போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் அறுவை செய்துகொள்ளலாம்" என்பது கேட்பதற்கு நிதானமான பேச்சாகத் தெரியும். என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் ஆகப் பெரிய தவறு அதுதான். தாடையை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தலாம் என்பதைத் தீர்மானிப்பது மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி. அதைக் கம்பியால் மூடிவிட்டால், பிறகு கீழ்த்தாடையை முன்னே கொண்டுவர இடமே இருக்காது. பல் பொருந்தியிருக்கும், முகம் அப்படியே இருக்கும், மூச்சுச் சிக்கல் இருந்தால் அதுவும் அப்படியே இருக்கும். அதன்பின் அறுவைக்குப் போக நினைத்தால் மூடிய இடைவெளியை மறுபடி திறக்க வேண்டும். காலம் வீண் என்பதோடு, பற்களை முன்னும் பின்னுமாக இழுப்பதில் வேர் நுனி கரையும் அபாயமும் கூடுகிறது.

அதனால் முதல் கம்பி ஒட்டுவதற்கு முன்பே பற்சீரமைப்பு நிபுணரும் தாடை அறுவை நிபுணரும் உங்களைப் பார்த்து, ஒரே திட்டத்துக்கு வந்திருக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வி எளியது: இந்தக் கம்பி அறுவைக்கான தயாரிப்பா, அறுவையைத் தவிர்ப்பதற்கா? பதில் மழுப்பலாக வந்தால் பல்லைப் பிடுங்கக் கொடுக்காதீர்கள்.

சரி, அறுவைதான் என்று முடிவாகித் தயாரிப்பு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் 12 முதல் 18 மாதம் வரை ஆகும். அந்தக் காலத்தில் பல் பொருத்தம் நாளுக்கு நாள் மோசமாகும். மறைந்திருந்த குறை வெளியே வருகிறது, அவ்வளவுதான். இது தெரியாமல் பாதியில் பயந்து சிகிச்சையை நிறுத்துகிறவர்கள் உண்டு. கடிக்க முடியவில்லை, முகம் முன்பைவிட விகாரமாகிவிட்டது என்று மருத்துவரை மாற்றி, புதியவரிடம் "பல்லை நேராக்குங்கள் போதும்" என்பார்கள். அவரும் நேராக்குவார். அங்கே மொத்தத் திட்டமும் உடைகிறது. தேர்ந்தெடுத்த சிலருக்கு முதலில் அறுவையும் பிறகு கம்பியும் என்று வரிசையை மாற்றிச் செய்வதும் உண்டு. அது எல்லோருக்கும் பொருந்துகிற குறுக்குவழி இல்லை.

வளர்ச்சி முடியும் முன் அவசரப்படுவது

கல்லூரிக்குப் போகும் முன், வேலைக்குச் சேரும் முன் என்று தேதி குறிக்கிறார்கள். எலும்புக்கு அந்த நாள்காட்டி தெரியாது. பெண்களுக்குத் தாடை வளர்ச்சி பொதுவாகப் பதின்வயதின் பிற்பகுதியில் நின்றுவிடும். ஆண்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் நீளும். நீண்ட கீழ்த்தாடை உள்ளவர்களிடம் அது 20 வயதை ஒட்டியும் வளர்ந்துகொண்டிருக்கலாம். வளர்ச்சி முடியாமல் அறுவை செய்தால் எலும்பு மீண்டும் முன்னே வந்து நிற்கும், இரண்டாவது அறுவை தேவைப்படும். வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், 6 மாதம் முதல் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். மாற்றம் இல்லையென்றால்தான் பச்சைக்கொடி.

மூச்சையும் மூட்டையும் மறந்துவிடுவது

முகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது தொண்டையை மறந்துவிடுகிறோம். கீழ்த்தாடையைப் பின்னே தள்ளினால் நாக்கும் சேர்ந்து பின்னே போகும், மூச்சுப்பாதை குறுகும். குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, பகலெல்லாம் தூக்கக் கலக்கம் இவை ஏற்கெனவே இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; தூக்கப் பரிசோதனை தேவைப்படலாம். நீண்ட கீழ்த்தாடையை மட்டும் பின்னே தள்ளாமல், மேல்தாடையை முன்னே கொண்டுவந்து கணக்கைச் சரிசெய்வதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு தாடைகளையும் முன்னே கொண்டுவருவது தூக்க மூச்சடைப்புக்கே ஒரு சிகிச்சை என்பது பலருக்குத் தெரியாது.

அடுத்தது காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு. வாய் திறந்தால் சொடுக்குச் சத்தம், பூட்டிக்கொள்வது, காலையில் தாடை வலி இருந்தால் அறுவை அதைச் சரியாக்கிவிடும் என்று நம்புகிறார்கள். சிலருக்குக் குறையலாம், சிலருக்குக் கூடலாம், உத்தரவாதம் எதுவும் கிடையாது. மூட்டின் குமிழே மெல்லக் கரைந்து சுருங்கும் ஒரு கோளாறும் உண்டு. கீழ்த்தாடை பின்வாங்கிய இளம்பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. அது கரைந்துகொண்டிருக்கும்போதே தாடையை முன்னே நகர்த்தினால், எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒன்றிரண்டு ஆண்டில் மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே மறுபடி இடைவெளி விழும். மூட்டு வலியையோ மூட்டுவாதத்தையோ மறைத்து அறுவைக்குப் போவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது.

தேதி நெருங்கும்போது நடக்கும் சில்லறைத் தவறுகள்

கீழ் ஞானப்பற்கள் இருந்தால் அந்த இடத்தில் எலும்பு நிரம்ப அவகாசம் வேண்டும் என்று 6 மாதத்துக்கு முன்பே எடுக்கச் சொல்லும் நிபுணர்கள் உண்டு. அறுவையின்போதே எடுப்பவர்களும் உண்டு. கடைசி மாதத்தில் நினைவு வந்தால் தேதி தள்ளிப்போகும்.

புகை பிடிப்பவர்கள் "அன்றைக்கு மட்டும் பிடிக்க மாட்டேன்" என்பார்கள். எலும்பு கூடுவதற்கும் ஈறு ஆறுவதற்கும் ரத்த ஓட்டம் வேண்டும், அதைக் கெடுப்பது நிகோட்டின். பல வாரங்கள் முன்பே நிறுத்தி, எலும்பு கூடும் வரை தொடாமல் இருக்க வேண்டும். மின் சிகரெட்டும் இதில் அடக்கம்.

மருந்துப் பட்டியலில் மாத்திரைகளை மட்டும் எழுதிவிட்டு மூலிகை, சத்து வில்லைகளை விட்டுவிடாதீர்கள். ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துபவை அவற்றிலும் உண்டு. கருத்தடை மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ரத்தசோகை இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். முகம் மெலிந்து தெரிய வேண்டும் என்று அறுவைக்கு முன் பட்டினி கிடப்பது சுத்தப் பைத்தியக்காரத்தனம். அடுத்த சில வாரங்களில் எடை தானாகவே சில கிலோ இறங்கும்.

மூக்கை அழகுபடுத்தும் அறுவையை முதலில் செய்துகொள்வதும் தவறு. மேல்தாடை நகர்ந்தால் மூக்கின் அடி அகலமாகலாம், நுனி சற்றுத் தூக்கலாம். தாடை முடிந்து வீக்கம் முழுக்க வடிந்த பிறகு மூக்கைப் பார்த்துக்கொள்ளலாம். திரையில் காட்டும் முப்பரிமாண முகத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எலும்பை அவர்களால் மில்லிமீட்டர் கணக்கில் திட்டமிட முடியும். அதன்மேல் சதை எப்படி உட்காரும் என்பது ஓர் ஊகம்.

இன்னொன்று. சீட்டில் "லெ ஃபோர்ட்" என்று எழுதியிருப்பதைத் தேடிப் பார்த்து, விபத்தில் நொறுங்கிய முகங்களின் படங்களைக் கண்டு தூக்கம் கெடுபவர்கள் இருக்கிறார்கள். ரெனே லெ ஃபோர்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், முக எலும்பு அடிபட்டால் எந்தக் கோடுகளில் உடைகிறது என்பதை 1901இல் வகைப்படுத்தினார். மேல்தாடையை நகர்த்த அறுவை நிபுணர்கள் வெட்டும் கோடு அவற்றில் முதலாவதை ஒட்டியது. பெயர் ஒன்றுதான், விபத்து இல்லை.

முதல் ஆறு வாரம்

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பகுதி வடிந்தாலும், மீதி கரைய 6 மாதம் முதல் ஓராண்டு ஆகும். இந்த நேரத்தில் கண்ணாடி முன் நின்று "கோணலாகப் பொருத்திவிட்டார்கள்" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்தை நிறுத்தியது, சரியாகச் சாப்பிடாதது, பேச முடியாதது எல்லாம் சேர்ந்து மனம் சோர்ந்துபோவது மிகச் சாதாரணம். வீட்டில் இருப்பவர்களிடம் இதை முன்பே சொல்லி வைத்துவிட்டால், உங்களைப் பார்த்து அவர்கள் அழாமல் இருப்பார்கள்.

எலும்புத் துண்டுகளைப் பிடித்திருப்பவை டைட்டானியத் தகடுகளும் திருகுகளும். அதனால் இப்போதெல்லாம் வாயைக் கம்பியால் முழுக்கக் கட்டிப்போடுவது குறைவு. ரப்பர் வளையங்களே பெரும்பாலும் போதும். இதுவே ஒரு பொய்யான தைரியத்தைத் தருகிறது. மூன்றாம் வாரத்தில் வலி இல்லை, பசி மட்டும் இருக்கிறது, ஒரு துண்டு கடித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றும். தகடு பிடித்து வைக்கத்தான், மெல்லும் விசையைத் தாங்க அல்ல. எலும்பு ஓரளவு கூட 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை முதலில் நீர்ம உணவு, பிறகு அனுமதி கிடைத்ததும் மசித்தது. இனிப்பான பானங்களே உணவாக இருக்கும் நாட்களில் பல் துலக்காமல் விட்டால், கம்பியைச் சுற்றிச் சொத்தை விழும். குழந்தைகளுக்கான சிறிய பிரஷ் கைகொடுக்கும்.

மேல்தாடை அறுவைக்குப் பின் முதல் இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். வாய் திறக்கும் பயிற்சி தொடங்கச் சொன்னால் தட்டிக்கழிக்க வேண்டாம். வலிக்கிறது என்று விட்டால் தசை இறுகி, மாதங்கள் கழித்தும் வாய் சரியாகத் திறக்காது.

மரத்துப்போன உதடு

கீழ்த்தாடை எலும்பை ஏடு பிரிப்பது போல நீளவாக்கில் பிளந்துதான் நகர்த்துகிறார்கள். கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு ஓடுவது அதே எலும்புக்குள்ளே. அதனால் அறுவை முடிந்ததும் உதடும் முகவாயும் மரத்திருப்பதை எதிர்பார்த்தே போக வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலும் மாதங்களிலும் உணர்வு திரும்பும். எறும்பு ஊர்வது போலவும் சுரீரென்றும் இருப்பது நரம்பு விழிப்பதன் அடையாளம். சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும், வயது கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடுகிறது. உணர்வுதான் குறையும், உதடு அசையும், சிரிக்க முடியும். இதைச் சம்மதப் படிவத்தில் ஒரு வரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் தவறு. "எனக்கு இது நிரந்தரமாக இருந்தாலும் இந்த அறுவை வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டு, ஆம் என்று பதில் வந்த பிறகு கையெழுத்திடுங்கள். மரத்த உதட்டில் சூடு தெரியாது, எதைக் குடிப்பதற்கு முன்பும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

வருடங்கள் போன பிறகு

எல்லா நகர்த்தலும் ஒரே மாதிரி நிற்பதில்லை. மேல்தாடையை மேலே தூக்கிப் பொருத்துவது நன்றாக நிற்கும். கீழ்த்தாடையை முன்னே கொண்டுவருவதும் பெரும்பாலும் நிற்கும். மேல்தாடையைக் கீழே இறக்குவது, அகலப்படுத்துவது, கீழ்த்தாடையை மட்டும் பின்னே தள்ளுவது ஆகியவை நழுவும் வாய்ப்பு கூடுதல். உங்களுடையது எந்த வகை என்று முன்பே கேளுங்கள். நழுவக்கூடிய வகை என்றால் பயப்பட ஒன்றுமில்லை, அதற்கேற்ப அடிக்கடி போய்க் காட்ட வேண்டியிருக்கும்.

அறுவைக்குப் பின்னும் 6 மாதம் முதல் ஓராண்டு வரை கம்பி வேலை மிச்சமிருக்கும். முகம் மாறிவிட்ட சந்தோஷத்தில் இந்தக் கட்டத்தைச் சுருக்கச் சொல்லிக் கெஞ்சுகிறவர்கள், கடைசியில் இரண்டு மூன்று பற்கள் மட்டும் தொடுகிற கடியோடு நிற்பார்கள். கம்பி கழன்றதும் ரிட்டெய்னர், அதாவது பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்துவைக்கும் கருவி. எத்தனை வருடம் என்று கேட்டால், பல் இருக்கும் வரை இரவில் போட்டுக்கொள்வதாக நினைத்துக்கொள்வது நல்லது. விழுங்கும்போது நாக்கால் முன்பற்களைத் தள்ளும் பழக்கமும், வாயால் மூச்சு விடும் பழக்கமும் அறுவையால் தாமாகப் போய்விடுவதில்லை. முன்பற்கள் தொடாமல் இருந்து சரிசெய்தவர்கள் இதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டியிருக்கலாம்.

தகடுகள் தொல்லை தராவிட்டால் ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கலாம். எம்ஆர்ஐ எடுக்க அவை பொதுவாகத் தடையில்லை. படத்தில் அந்த இடம் மட்டும் சற்றுக் கலங்கலாகத் தெரியும். தொற்று வந்தாலோ, தோலுக்கடியில் தட்டுப்பட்டாலோ எடுத்துவிடுவார்கள். அறுவைக் குறிப்பின் நகலையும், முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களையும் கையோடு வாங்கி வையுங்கள். பல வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு பல் மருத்துவர் வேர் சிகிச்சைக்கோ செயற்கைப் பல்லுக்கோ துளை போடப் போகும்போது, எந்தத் திருகு எந்த வேருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.