படுக்கையறைக் கண்ணாடிக் கதவுக்குத் திரை: துணிக்கு முன்னால் வெயிலைப் பாருங்கள்

காரைக்குடியில் திரை தைப்பதுதான் என் தொழில். இப்போது வருகிற வேலையில் பாதி, மாடிப் படுக்கையறைகளில் போடுகிற ஸ்லைடிங் கண்ணாடிக் கதவுகளுக்குத்தான். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "என்ன கலர் எடுக்கலாம் தம்பி?" நான் திருப்பிக் கேட்பது, "கதவு எந்தத் திசை பார்த்து இருக்கிறது?"

நம் பக்கத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக நீளுகிறவை. முகப்பு கிழக்கே இருந்தால், பின்கட்டுக்கு மேல் புதிதாக எழுப்புகிற அறை மேற்கைப் பார்க்கும். கீழே தடிச் சுவரும் தாழ்வாரமும் முற்றமுமாக வெயிலை வெளியிலேயே மடக்கி வைத்திருக்கிறார்கள். மேலேயோ ஆறடிக்கு ஏழடி கண்ணாடி, நேரே சாயங்கால வெயிலில். அந்த நேரத்து வெயில் தாழ வருவதால், மேலே சன்ஷேடு இருந்தாலும் அடியில் நுழைந்துவிடும்.

கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு அறைக்குள்தான் இருக்கும். எவ்வளவு கனமான திரை தொங்கவிட்டாலும் அதில் பெரும்பகுதி திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தங்கி, மெல்ல அறைக்குள் பரவும். அதனால் மேற்குக் கதவென்றால் முதல் செலவை வெளியே செய்யுங்கள். பால்கனியில் சுருட்டி ஏற்றுகிற மூங்கில் தட்டி போதும். கத்திரி வெயிலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பது இன்னும் நல்லது, நம் ஊர் வறண்ட காற்றுக்கு அது அருமையாக வேலை செய்யும். ஆனால் கதவு திறந்திருந்து காற்று ஊடுருவி வந்தால்தான் குளிர்ச்சி. கதவைச் சாத்திவிட்டுத் தெளித்தால் அறைக்கு ஒன்றும் வந்து சேராது. ராத்திரி தட்டியைக் காயவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். கிழக்கு, வடக்குக் கதவுகளுக்கு இந்தப் பாடு வேண்டாம்.

சரி, உள்ளே என்ன போடுவது? பக்கவாட்டில் தள்ளுகிற கதவுக்குப் பக்கவாட்டில் ஒதுங்குகிற திரைதான் பொருந்தும். ரோலர் பிளைண்ட் பார்க்க அழகு. ஆனால் பால்கனியில் துண்டு காயப்போடக்கூட ஒவ்வொரு தடவையும் முழுசாக ஏற்ற வேண்டும். வெர்ட்டிகல் பிளைண்ட் பக்கவாட்டில் ஒதுங்கும்தான், ஆனால் கதவைத் திறந்து வைத்துத் தூங்குகிற வீட்டில் காற்றுக்குப் பட்டைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டே இருக்கும். படுக்கையறைக்கு நான் அதைச் சொல்வதில்லை. எந்த பிளைண்ட் ஆனாலும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் கயிறு கைக்கெட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். கழுத்தில் சுற்றிக்கொள்கிற ஆபத்து உண்மையானது.

ஆகவே துணித் திரை. அதில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். பள்ளத்தூரில் ஒரு வீட்டில், எட்டடி ராடில் ஒரே திரையாகக் கோத்துவிட்டேன். நீள ராடு தொய்யாமலிருக்க நடுவில் ஒரு பிராக்கெட் வேண்டும். வளையங்கள் அதைத் தாண்டவில்லை. போதாததற்கு, திரை ஒதுங்குகிற பக்கம் கதவு திறக்கிற பக்கமாக அமைந்துவிட்டது. அந்த ஆச்சி தினமும் துணியைக் கையால் விலக்கிவிட்டுத்தான் வெளியே போயிருக்கிறார்கள். அடுத்த வாரம் என் செலவில் டிராக், அதாவது திரை தடையில்லாமல் ஓடுகிற தடம், போட்டு, அசையாத கண்ணாடிப் பக்கம் ஒதுங்குமாறு மாற்றிக் கொடுத்தேன். அளவெடுக்கும் முன் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பது அன்றிலிருந்து வந்த வழக்கம்.

அளவு இப்படி. ஆறடிக் கதவுக்கு ராடோ டிராக்கோ எட்டடி, இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி கூடுதல். அப்போதுதான் ஒதுக்கிய துணி கண்ணாடியை அதிகம் மறைக்காது. நிலைக்கு அரையடி மேலே பொருத்துங்கள். துணியின் மொத்த அகலம் ராடின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் மடிப்பு நன்றாக விழும்: 48 அங்குல பன்னாவில், அதாவது அகலத்தில், நான்கு துண்டு. உயரம் 90 அங்குலம், மேல்மடிப்புக்கும் அடிமடிப்புக்கும் 10 அங்குலம், ஆக துண்டுக்கு 100 அங்குலம். பருத்தி சுருங்கும் என்பதால் 11 மீட்டராக வாங்கி, நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி நிற்கட்டும்.

எனக்குப் பிடித்த துணி நம் கண்டாங்கிதான். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் இரண்டு துண்டு வரும், இரண்டு சேலையில் ஒரு கதவு முடிந்துவிடும். போன வருஷம் ஒருவர் தன் அப்பத்தாவின் பழைய அரக்குக் கண்டாங்கி இரண்டைக் கொண்டுவந்தார். இழை இன்னும் உறுதியாக இருந்தது, கட்டங்கள் ஒன்றோடொன்று சேருமாறு வைத்துத் தைக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். ஆனால் அரக்கும் கறுப்பும் வெயிலில் வெளுக்கும். பின்னால் வெள்ளை லைனிங் கொடுத்தே தீர வேண்டும். வெள்ளை கண்ணாடியைப் பார்த்து இருந்தால் வெளிச்சத்தில் கொஞ்சம் திரும்பியும் போகும். பகலில் தூங்குகிறவர் வீட்டில் இருந்தால் லைனிங்கை வெளிச்சம் புகாத பிளாக்அவுட் துணியாக வாங்குங்கள்.

பகலில் வெளிச்சமும் வேண்டும், எதிர் மாடிக்கும் தெரியக் கூடாது என்றால் இரட்டை டிராக் போட்டு, கண்ணாடிப் பக்கம் மெல்லிய நெட் துணி. ராத்திரி விளக்குப் போட்டதும் நெட் வழியாக எல்லாம் வெளியே தெரியும், அப்போது கனத் திரையை இழுத்துவிட வேண்டும்.

பொருத்துகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் நேரே துளை போட வேண்டாம், பொடிந்து உதிரும். முதலில் நீளமான மரச்சட்டம் ஒன்றைப் பல இடத்தில் திருகி, அதன் மேல் பிராக்கெட்டை அடிக்கச் சொல்லுங்கள்.