பெண்ணை நேசிக்கும் பெண்கள் டாக்டரிடம் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளைப்படுதல் மூன்று மாதமாக நிற்கவில்லை. நானும் என் துணையும் ஒருவழியாக மனதைத் தேற்றிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு பெண் டாக்டரிடம் போனோம். நர்ஸ் வயதைக் கேட்டார். அடுத்த கேள்வி, "கல்யாணம் ஆயிட்டாம்மா?" இல்லை என்றேன். டாக்டர் உள்ளே பரிசோதிக்கவே இல்லை. ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அரிப்பும் எரிச்சலும் இன்னும் இரண்டு மாதம் கூடவே இருந்தன.

நான் சொன்னது பொய்யில்லை, ஆனால் அதோடு நிறுத்தியது தவறு. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் "கல்யாணம் ஆகலை" என்றால் "உறவே இல்லை" என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். கருவி வைத்துப் பார்ப்பதில்லை, கர்ப்பப்பை வாய்ச் சோதனை பற்றிப் பேசுவதில்லை. பயந்துபோய் "ஆயிட்டு" என்றாலோ, வீட்டுக்காரர் பெயர் என்ன, நாள் தள்ளிப்போயிருக்கா என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "கல்யாணம் ஆகவில்லை. உறவு உண்டு, ஒரு பெண்ணோடு. ஆணோடு இருந்ததில்லை." ஆணோடும் இருந்திருந்தால் அதையும், எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதைச் சீட்டு பதியும் இடத்தில் சொல்லாதீர்கள். ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நம் தெருக்காரர் ஒருவராவது நிற்பார். அம்மாவோ மைனியோ கூட வந்திருந்தால், "டாக்டரிடம் தனியாகப் பேசணும்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேட்டதை வெளியே விடக்கூடாது என்பது டாக்டர்களின் தொழில் விதி.

"ஆம்பளையே இல்லை, நமக்கு என்ன வந்துவிடும்?" என்பது அடுத்த தவறு. முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் அக்கா ஒருவர் இதை என்னிடம் அடித்துச் சொன்னார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி தோலோடு தோல் உரசினாலே பரவும். விரல் வழியாகவும், இருவரும் பயன்படுத்தும் பொருள் வழியாகவும் போகும். 30 வயது தாண்டிய பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் புற்றுநோய்ச் சோதனை இலவசம். எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களும் செய்துகொள்ள வேண்டும். பிள்ளை பெறாதவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால் மார்பையும் காட்டுங்கள். அப்புறம், ஒருத்திக்குத் தொற்று என்றால் மற்றவளும் டாக்டரைப் பார்க்க வேண்டும். எங்களுக்கு இது இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. நான் விவரம் சொன்னதும், "அப்ப வெளிய இருக்க பிள்ளையையும் கூப்பிடுங்க, ரெண்டு பேரையும் சேர்த்தே பாத்துருவோம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெண்ணை நேசிக்கும் மனதை "மாத்திரலாம்" என்று சொல்லும் டாக்டரை நம்பாதீர்கள். கோடாங்கியிடம் மந்திரிக்கக் கூட்டிப் போவதும், மாத்திரை கொடுத்து மாற்றுகிறேன் என்பதும் எனக்கு ஒன்றுதான். மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்த் தஞ்சமடைந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய சிகிச்சைக்குத் தடை விதித்தார். அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது. இதற்காக மனநல டாக்டர் பக்கமே போகாமல் இருந்துவிடவும் வேண்டாம். தூக்கம் வராமல், சாக வேண்டும் போலத் தோன்றினால் போகத்தான் வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி, உங்கள் சார்பில் பேச யாரை வேண்டுமானாலும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். துணையின் பெயரை எழுதலாம்.

வீட்டில் அடைத்து வைத்தால், "பெத்தவங்கதானே, என்ன செய்ய" என்று சும்மா இருக்காதீர்கள். வயது வந்த பெண்ணை அப்படி வைத்திருக்க யாருக்கும் உரிமையில்லை. அடைத்து வைத்தவரைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லிக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவைத் துணையே உயர் நீதிமன்றத்தில் போடலாம். நெல்லைக்காரர்களுக்கு அது மதுரைக் கிளை. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்னதும் அப்படி ஒரு மனுவில்தான். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

மாமன் மகனுக்குக் கட்டி வைக்கப்பட்டு, விருப்பமில்லாமல் கருவுற்றவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கருக்கலைப்புக்கு "வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் அதைச் சட்டம் என்று நம்பித் திரும்பிவிடாதீர்கள். 18 வயது நிரம்பியவருக்கு அவருடைய சம்மதம் மட்டும் போதும். கட்டாயப்படுத்தியது கணவனே ஆனாலும், கருக்கலைப்புச் சட்டத்தைப் பொறுத்தவரை அது பாலியல் வன்முறைதான் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் நாளைக் கடத்தாதீர்கள், வாரக் கணக்கு முக்கியம்.

பிள்ளை வேண்டும் என்பவர்கள் தெரிந்த பையனிடம் விந்து வாங்கி வீட்டிலேயே முயல வேண்டாம். கிருமிச் சோதனை இருக்காது, நாளை அவன் உரிமை கேட்டும் வரலாம். 2021-இன் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி 21 முதல் 50 வயது வரையுள்ள தனிப் பெண் கருத்தரிப்பு மையத்தில் தானமாக வந்த விந்தைக் கொண்டு சிகிச்சை பெறலாம். ஆனால் தாய் என்று பெற்றவள் பெயர் மட்டுமே பதிவாகும். துணைக்கு அந்த உரிமை இல்லை. தனக்குப் பின் பிள்ளையை அவள்தான் வளர்க்க வேண்டும் என்று பெற்றவள் உயிலில் எழுதி வைக்கலாம். அதை எப்படி எழுதுவது என்று முதல் ஊசி போடும் முன்பே ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.