மணிவேலை வடிவத்தைப் பிறரும் பின்னும்படி அமைத்துப் பகிர்வது எப்படி?

பாசிமணிகளைக் கொண்டு ஒரு கைப்பட்டையையோ காதணியையோ நமக்கென்று பின்னி முடிப்பது ஒரு வேலை; அதே வடிவத்தை, நம்மை ஒருபோதும் பார்த்திராத ஒருவர் ஊசியில் நூல் கோத்துத் தொடங்கி, எங்கும் தடைபடாமல் முடிக்கும்படி எழுதித் தருவது வேறொரு வேலை. முதலாவதில் கைதேர்ந்தவர்கள் பலர் இரண்டாவதில் தடுமாறுகிறார்கள். இதற்குத் திறமைக் குறைவு காரணமன்று; பின்னும்போது விரல்கள் தாமாகவே செய்துவிடும் சின்னச் சின்ன முடிவுகள் எழுத உட்காரும்போது நினைவுக்கு வருவதில்லை. ஆகவே பகிரும் எண்ணம் இருக்குமானால், வடிவத்தை வரையத் தொடங்கும் முதல் நாளிலேயே அந்த எண்ணத்தோடு உட்கார வேண்டும்.

மணியை முதலில் முடிவு செய்தல்

மனத்தில் தோன்றிய படத்தை வரைந்துவிட்டு அதற்கேற்ற மணியைத் தேடுவதைவிட, மணியையும் தையலையும் (மணிகளை நூலால் இணைக்கும் முறையையும்) முடிவு செய்துவிட்டு வரைவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மணியின் அளவு எண் ஏற ஏற மணி சிறிதாகும்: 6/0 மணி ஏறக்குறைய 4 மி.மீ., 8/0 ஏறக்குறைய 3 மி.மீ., 11/0 ஏறக்குறைய 2 மி.மீ., 15/0 ஏறக்குறைய 1.5 மி.மீ. குறுக்களவு உடையவை. ஆனால் பொருள் பட்டியலில் "11/0 மணி" என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குப் பாதிச் செய்திதான் கிடைக்கிறது. செக் நாட்டு மணிகள் சற்றே தட்டையாகவும் ஒன்றுக்கொன்று சிறு வேறுபாட்டோடும் வருபவை. ஜப்பானிய உருண்டை மணிகள் அவற்றைவிடச் சீரானவை. மியூகி நிறுவனத்தின் 11/0 டெலிகா மணிகளோ உருளை வடிவம் கொண்டு, 1.6 மி.மீ. குறுக்களவும் துளையின் போக்கில் 1.3 மி.மீ. நீளமும் உடையவை. மூன்றும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும், ஒரே கட்டப்படத்தை (கட்டத்துக்கு ஒரு மணி என்று வரைந்த படத்தை)ப் பின்னினால் மூன்று வெவ்வேறு அளவுகளில் முடியும். எனவே நிறுவனத்தின் பெயர், மணியின் வகை, அளவு, நிற எண் ஆகிய நான்கையும் சேர்த்தே எழுத வேண்டும். "கறுப்பு" என்பதைவிட "டெலிகா டிபி-10" என்பது தெளிவு. பளபளப்பான கறுப்பா, மங்கிய கறுப்பா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை.

மணியின் மேற்பூச்சையும் அணியும் இடத்தைக் கொண்டு தேர்ந்தெடுங்கள். உலோகப் பூச்சு ஏற்றிய மணிகள் தோலில் உராய உராய நிறம் மங்கக்கூடியவை. காதணிக்குப் பொருந்தும் அவை கைப்பட்டையில் ஏமாற்றம் தரலாம். மியூகியின் டூராகோட், மற்றொரு மணி நிறுவனமான டோஹோவின் பெர்மாஃபினிஷ் போன்ற பூச்சுகள் இந்தக் குறையைப் பெருமளவு குறைத்துள்ளன. சாயம் ஏற்றிய மணிகளில் சில வெயிலில் வெளுக்கும். ஒரு நிறத்தைப் பிறருக்குப் பரிந்துரைக்கும் முன் நான்கைந்து மணிகளைச் சன்னலோரத்தில் சில வாரங்கள் வைத்துப் பார்ப்பது பெரிய சிரமமில்லை. அடுத்தவர் தம் பணத்தையும் பல மாலைப்பொழுதுகளையும் நம் சொல்லை நம்பிச் செலவிடுகிறார் என்பதால், இந்தச் சோதனையைக் கட்டாயம் என்றே கருதுகிறேன்.

கட்டத்தாளில் வரைதல்

புதிதாக வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். சாதாரணக் கட்டத்தாளின் கட்டம் சதுரம், மணி சதுரமன்று. டெலிகா மணியை, ஒன்றுவிட்டு ஒன்றாக இடைவெளிகளில் மணியை அமர்த்தும் பெயோட்டித் தையலில் பின்னும்போது ஒவ்வொரு மணியும் 1.3 மி.மீ. அகலத்தையும் 1.6 மி.மீ. உயரத்தையும் அடைக்கிறது. சதுரக் கட்டத்தில் முழு வட்டமாக வரைந்த நிலவு, பின்னி முடித்ததும் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நீண்டு முட்டை வடிவம் கொள்ளும். முந்தைய வரிசையின் நூலில் ஒவ்வொரு மணியையும் மாட்டிப் பின்னும் பிரிக் தையலில் மணியின் துளை செங்குத்தாக நிற்பதால், அதே நிலவு மேலும் கீழும் அமுங்கிப் பரந்து தெரியும். தறியில் பின்னும்போது மணிகளுக்கிடையே பாவு நூல்கள் (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்கள்) ஓடுவதால் அகலம் சற்றுக் கூடி, வடிவம் சதுரத்துக்கு நெருங்கி வரும். நான் முதன்முதலில் வரைந்த குருவி ஒன்று தாளில் உருண்டு திரண்டிருந்தது. பின்னியபோது கொக்கைப்போல் நெடிதாகிவிட்டது. அதற்குப் பிறகு தையலுக்கென்று தனியே அமைந்த கட்டத்தாளைத் தவிர வேறெதிலும் நான் வரைவதில்லை. அத்தகைய கட்டங்களைத் தரும் மென்பொருள்களும் உண்டு. கையால் கோடிட்டும் அமைத்துக்கொள்ளலாம்.

அடுத்த முடிவு, அகலத்தில் இரட்டைப்படை எண்ணா ஒற்றைப்படை எண்ணா என்பது. தட்டையான பெயோட்டியில் இரட்டைப்படை எண்ணிக்கை பின்னுவதற்கு எளிது. இரு ஓரங்களிலும் திரும்புவது ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வைரவடிவம், இதயம், இலை போன்று நடுவில் ஒரு கூர் வரும் உருவங்களுக்கு நடுநிரல் (நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் மணிவரி) ஒன்று தேவை. அது ஒற்றைப்படையில்தான் கிடைக்கும். ஒற்றைப்படையிலோ ஒரு பக்க ஓரத்தில் கடைசி மணியைத் தாங்க மணி இருக்காது. ஊசியை உள்ளே சுற்றிக் கொண்டுவந்தோ ஓர நூலில் மாட்டியோதான் திரும்ப வேண்டும். தொடக்கநிலையினருக்கான வடிவம் என்றால் நடுக்கூர் தேவைப்படாதபடி உருவத்தையே மாற்றியமைப்பது என் வழக்கம். அனுபவமுள்ளவர்களுக்கானது என்றால், அந்தத் திருப்பத்துக்கு மட்டும் தனி வரைபடம் ஒன்று தாருங்கள்.

நிறங்களைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைக் குறைப்பதே வடிவத்துக்கு வலு. புகைப்படத்தை மென்பொருளில் இட்டு முப்பது நிறங்களில் கட்டப்படம் எடுப்பது எளிது. அந்த முப்பது நிறங்களையும் வாங்கி, தட்டில் கலக்காமல் பிரித்து வைத்துப் பின்னுவது எளிதன்று. வரைந்து முடித்ததும் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். உருவமும் பின்னணியும் ஒரே சாம்பல் நிறத்தில் கரைந்துபோனால், எத்தனை அழகான நிறங்களாக இருந்தாலும் கை தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்த உருவம் புலப்படாது. ஒளி ஊடுருவும் மணிகளில் உள்ளே ஓடும் நூலின் நிறமும் வெளியே தெரியுமாதலால், நூலின் நிறத்தையும் வடிவத்தின் பகுதியாகவே குறிப்பிட வேண்டும்.

அளவும் எடையும்

மணிகள் பெரும்பாலும் எடைக்கணக்கில் விற்கப்படுவதால், எத்தனை கிராம் வேண்டும் என்பதைத்தான் படிப்பவர் முதலில் தேடுவார். கணக்கு கடினமில்லை. 20 நிரல்களும் 17 செ.மீ. நீளமும் கொண்ட டெலிகா பெயோட்டிப் பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அகலம் 20 × 1.3 = 26 மி.மீ.; ஒரு நிரலில் 170 ÷ 1.6, அதாவது ஏறக்குறைய 106 மணிகள். மொத்தம் 2,120 மணிகள். ஒரு கிராமில் ஏறக்குறைய 200 டெலிகா மணிகள் இருக்குமாதலால் 10.6 கிராம் வருகிறது. வடிவம் கோணிய மணிகளை ஒதுக்குவதும் கைதவறிச் சிந்துவதும் இயல்பாகையால், பத்து விழுக்காடு கூட்டி 12 கிராம் என்று எழுதலாம். இதை நிறவாரியாகவும் பிரித்துத் தர வேண்டும்; ஒரு நிறம் பத்து மணிகளுக்கு மட்டுமே வருகிறதென்றால் அதையும் சொல்லிவிட்டால், கையிலிருக்கும் வேறொன்றை அவர் பயன்படுத்திக்கொள்வார். நீளத்தைக் கொக்கியோடு சேர்த்தா, கொக்கியை விட்டா சொல்கிறோம் என்பதையும், நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ எந்த வரிசைகளைத் திரும்பப் பின்ன வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள்.

ஊசியும் நூலும் ஒரு வரியில் முடிந்துவிடும்: 11/0 மணிகளுக்கு 10 அல்லது 11ஆம் எண் ஊசி, 15/0 மணிகளுக்கு 12 அல்லது 13, நைலான் நூலா, ஃபயர்லைன் போன்ற பின்னல் நூலா என்பதும் அதன் தடிமனும்.

செய்முறையை எழுதுதல்

கட்டப்படம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் சிலர் படத்தைப் பார்த்துப் பின்னுவார்கள். சிலர் எழுத்தை ஒருவர் வாசிக்கக் கேட்டபடி பின்னுவார்கள். பார்வை மங்கலாக உள்ளவர்களுக்கு வரிசைவாரியான எழுத்துக்குறிப்பே துணை. எனவே இரண்டையும் தர வேண்டும். எழுத்துக்குறிப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்து, "வரிசை 3, வலமிருந்து இடம்: 2 அ, 1 இ, 7 அ" என்பதுபோல் எழுதலாம். பெயோட்டியில் முதலில் கோக்கும் மணிகளே முதல் இரண்டு வரிசைகளாகப் பிரிந்து அமைகின்றன; உண்மையில் பின்னத் தொடங்குவது மூன்றாம் வரிசையில்தான். இந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட்டதால் பாதியில் நின்றுபோன வேலைகள் ஏராளம். குழல் வடிவில் இரட்டைப்படை எண்ணிக்கையில் பின்னும்போது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அச்சுற்றின் முதல் மணிக்குள் ஊசியைக் கூடுதலாக ஒருமுறை செலுத்தி மேலே ஏற வேண்டும். அந்த இடத்தை ஒவ்வொரு சுற்றிலும் நினைவூட்டுவது மிகையாகத் தோன்றினாலும் நினைவூட்டுங்கள். ஒருமுறை தவறினால் முழு உருவமும் கோணிவிடும்.

நூலின் போக்கைக் காட்டும் வரைபடங்களில், முன்பே பின்னிய மணிகளை வெளிர்நிறத்திலும், இப்போது சேர்ப்பவற்றை அடர்நிறத்திலும் வரைந்து, ஊசி வெளிவரும் இடத்தை அம்புக்குறியால் காட்டுங்கள். ஒரே படத்தில் நான்கு வரிசைகளின் நூலோட்டத்தை அடைத்தால் அது சிலந்திவலையாகிவிடும். ஒரு படத்துக்கு ஒரு வரிசை போதும்.

எழுதி முடித்த செய்முறையை உடனே வெளியிடாமல், குறைந்தது இருவரிடம் கொடுத்துப் பின்னச் சொல்லுங்கள்: ஒருவர் தேர்ந்தவர், மற்றவர் அந்தத் தையலை அண்மையில் கற்றவர். அவர்கள் பின்னும்போது அருகிலிருந்து விளக்க வேண்டாம். எந்த வரிசையில் நின்று யோசித்தார்கள், முடிந்த நீளம் என்ன, எத்தனை கிராம் மிஞ்சியது என்ற மூன்றையும் குறித்துவரச் சொன்னால் போதும். நூலை இழுத்துப் பிடிக்கும் இறுக்கம் கைக்குக் கை மாறுவதால் இருவரின் அளவுகளும் சற்று வேறுபடும், அந்த வேறுபாட்டையே "17 முதல் 17.5 செ.மீ. வரை" என்று எழுதிவிடலாம்.

பகிரும்போது

புகைப்படம் எடுக்கையில் பிளாஷ் வேண்டாம். கண்ணாடி மணிகள் அந்த ஒளியைத் திருப்பியடித்து நிறத்தை மறைத்துவிடும். நேர்வெயில் படாத பகல் வெளிச்சத்தில், சாம்பல் அல்லது வெள்ளைப் பின்னணியில், முழுப் பொருளையும் காட்டும் படம் ஒன்று, மணிகளை எண்ணும் அளவுக்கு நெருங்கிய படம் ஒன்று, அளவுகோலை அருகில் வைத்த படம் ஒன்று, பின்பக்கத்தின் படம் ஒன்று என நான்கு இருந்தால் நிறைவு. கோப்பைப் பிடிஎஃப் வடிவில், கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் படிக்கும்படி, கட்டங்களுக்குள் நிறத்தோடு எழுத்துக்குறியும் சேர்த்து அமையுங்கள்.

மூலத்தைச் சொல்வதில் தயக்கமே கூடாது. பெயோட்டியோ தறிப்பின்னலோ யாருக்கும் தனியுடைமை அல்ல. ஆனால் ஒருவர் எழுதிய செய்முறையும் வரைந்த படங்களும் அவருக்குரியவை. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்துள்ள நாடுகளில் இந்த உரிமை பதிவு எதுவும் இன்றியே படைத்தவருக்குக் கிடைக்கிறது. வேறொருவரின் வடிவத்திலிருந்து தொடங்கியிருந்தால், நிறத்தை மட்டும் மாற்றி நம் பெயரில் வெளியிடுவது முறையன்று. அவரிடம் ஒப்புதல் கேட்டு, பெயரைக் குறிப்பிட்டே பகிர வேண்டும். ஒரு சமூகத்தின் மரபிலிருந்து எடுத்த உருவங்களுக்கும் இது பொருந்தும். மணிகள் இரண்டிரண்டாகச் சாய்ந்து மீன்முள்போல் அமையும் ஹெர்ரிங்போன் தையலுக்குத் தென்னாப்பிரிக்காவின் இன்டெபெலே மக்களின் பெயரும் வழங்குகிறது. பெயோட்டி என்ற பெயரோ வட அமெரிக்கப் பழங்குடியினரின் வழிபாட்டுப் பொருள்களோடு தொடர்புடையது. அவர்களது மரபுவடிவங்களை எடுத்தாளும்போது எங்கிருந்து வந்தவை என்று சொல்வது குறைந்தபட்சக் கடமை; வழிபாட்டுக்குரியவற்றைத் தொடாமல் விடுவதே நல்லது என்பேன்.

நம் வடிவத்தைப் பிறர் என்னென்ன செய்யலாம் என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்: பின்னி விற்கலாமா, வகுப்பில் கற்பிக்கலாமா, கோப்பை மற்றவருக்கு அனுப்பலாமா என்று மூன்று வரிகள் போதும். கோப்பின் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கட்டும். பிழை ஒன்று பின்னர் தெரியவந்தால், திருத்திய கோப்பை ஓசையின்றி மாற்றி வைக்காமல், எந்த வரிசையில் எந்த மணி மாறியது என்பதைத் தனிக்குறிப்பாக எழுதுங்கள். ஏற்கெனவே பாதி பின்னியவர், எதுவரை பிரிக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.