பழைய லேப்டாப்பில் அப்டேட் ஏறவே மாட்டேன் என்கிறதா?

விண்டோஸ் அப்டேட் பாதி வரை போய், ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி பழைய நிலைக்கே வந்து நிற்கிறதா? அவசரப்பட்டு ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். முதலில் சி டிரைவைப் பாருங்கள், பெரிய அப்டேட்டுக்கு 20 ஜிபி அளவுக்காவது இடம் காலியாக இருக்க வேண்டும், பழைய லேப்டாப்களில் பாதிச் சிக்கல் இங்கேதான்.

இடம் இருந்தும் அடம்பிடித்தால், டவுன்லோடு ஆன ஃபைல் கெட்டுப்போயிருக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' (Services) என்று தேடித் திறந்து, அந்தப் பட்டியலில் 'விண்டோஸ் அப்டேட்' என்பதை நிறுத்திவிட்டு, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டர், அதற்குள் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன், அதற்குள் டவுன்லோட் என்று போய் உள்ளே இருப்பதை மட்டும் அழியுங்கள். உங்கள் போட்டோ, டாக்குமெண்ட் எதுவும் போகாது. அப்புறம் ரீஸ்டார்ட் செய்து, சார்ஜரைச் செருகி, பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க் எல்லாம் கழற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, தேதி. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நின்றால் மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும், தேதி தப்பாக இருந்தால் அப்டேட் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பே கிடைக்காது. தேதியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.